டிரம்ப் கார்டில் இல்லாத கட்டம்

அக்கா திருநெல்வேலியிலிருந்து கூப்பிட்டபோது டொராண்டோவில் காலை ஆறு மணி. அந்த நேரத்தில் ஊரிலிருந்து போன் வந்தால் எனக்கு வயிறு கலங்கும். எடுத்ததுமே, "ஏலே, இவன் சண்டை போடப் போறேங்கான்" என்றாள்.

இவன் என்றால் அவள் மகன், என் மருமகன். ஒன்டாரியோவில் ஒரு கல்லூரியில் படிக்க வந்து இரண்டு வருடம் ஆகிறது. பகலில் வகுப்பு, ராத்திரியில் கிடங்கில் பெட்டி அடுக்கும் வேலை. யாரோடு சண்டை, போலீஸ் வந்ததா என்று நான் பதறிக்கொண்டே போக, அக்கா அலுத்துக்கொண்டாள்.

"அந்தச் சண்டை இல்லல. டிவியில வருமே, ஜட்டி போட்டுக்கிட்டு ஆளத் தூக்கி எறிவானுவளே, அது. அதுக்குப் பள்ளிக்கூடம் இருக்காம். மூவாயிரம் டாலராம். வேண்டாம்னு சொன்னா கேக்கவா போறான்? நீ போயி அந்த வாத்தியாரு எப்படிப்பட்ட ஆளுன்னு மட்டும் பாத்துச் சொல்லு."

போனை வைத்த பிறகுதான் உறைத்தது, அக்கா எவ்வளவு சரியான கேள்வியைக் கேட்டிருக்கிறாள் என்று. நானாக இருந்தால் இது எதற்கு, படிப்பு என்னாவது என்றுதான் ஆரம்பித்திருப்பேன். இவனுக்கு எட்டு வயதில் சிலம்பம் கற்றுக்கொடுக்க ஆசைப்பட்டபோதும் அக்கா இப்படித்தான் செய்தாள். சேர்ப்பதற்கு முன் இரண்டு சாயங்காலம் அந்தத் திடலுக்குப் போய் ஓரமாக உட்கார்ந்து பார்த்தாள். ஆசான் கம்பைச் சுழற்றிய அழகை அவள் கவனிக்கவே இல்லை. சின்னப் பிள்ளைகளுக்குக் கம்பையே கொடுக்காமல் ஒரு மாதம் காலடி மட்டும் சொல்லிக்கொடுக்கிறார் என்பதைப் பார்த்துவிட்டு வந்துதான் பணம் கட்டினாள்.

ஆனால் ரெஸ்லிங் வாத்தியாரை எதை வைத்து எடை போடுவது?

எனக்குத் தெரிந்த ரெஸ்லிங் எல்லாம் டிரம்ப் கார்டில் படித்ததுதான், ஒவ்வொரு ரெஸ்லரின் படமும் அளவுகளும் அச்சடித்த சீட்டுக் கட்டு, பெரிய எண் வைத்திருப்பவன் எதிராளியின் சீட்டைப் பிடுங்கிக்கொள்வான். தொண்ணூறுகளில் பள்ளிக்கூடம் போனவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ரேங்க், உயரம், எடை, மார்பு, பைசெப்ஸ், போட்ட சண்டை, ஜெயித்த சண்டை. யோகோசூனா கார்டு கையில் இருந்தால் எடையைச் சொல்லி எதிராளியின் கட்டையே காலி செய்துவிடலாம். ஜயன்ட் கொன்சாலஸ் வந்தால் உயரம். அண்டர்டேக்கருக்கு ஏழு உயிர் என்பதைக் கணக்கு வாத்தியார் மகனே நம்பினான். ஒரு ரெஸ்லரைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியதெல்லாம் அந்த ஏழெட்டுக் கட்டங்களுக்குள் அடங்கிவிடும் என்பதுதான் எங்கள் கல்வி. "சொல்லிக்கொடுக்கத் தெரியுமா" என்றொரு கட்டம் அதில் கிடையாது.

மருமகனும் அதே கட்டங்களை வைத்துத்தான் பள்ளியைத் தேர்ந்தெடுத்திருந்தான். கார்டு மட்டும்தான் இல்லை. "மாமா, அவர் டிவியில வந்தவரு. ஆறடி நாலு அங்குலம். பெரிய பெரிய ஆளுங்களோட மோதியிருக்காரு." வேறென்ன தெரியும் என்று கேட்டேன். "வேறென்ன தெரியணும்?"

அவனைக் குறை சொல்லி என்ன பயன்? கேட்பதற்குச் சான்றிதழ் என்று ஒன்றே இல்லாத தொழில் அது. ஒன்டாரியோவில் அடுத்தவருக்கு முடி வெட்டுவதைத் தொழிலாகச் செய்ய உரிமம் வேண்டும். அடுத்தவரைத் தலைகீழாகத் தூக்கித் தரையில் போடக் கற்றுக்கொடுக்க ஒரு வாடகைக் கொட்டகையும் ஒரு ரிங்கும் போதும். இதற்கு ஒரு பின்கதை உண்டு. 1989-இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில், தாங்கள் நடத்துவது விளையாட்டே அல்ல, பொழுதுபோக்கு என்று டபிள்யூடபிள்யூஎஃப் (இன்றைய டபிள்யூடபிள்யூஇ) என்ற ரெஸ்லிங் நிறுவனமே அரசிடம் ஒப்புக்கொண்டது. குத்துச்சண்டைக்கு இருக்கும் கெடுபிடிகளும் வரியும் தங்கள் மேல் விழக்கூடாது என்பதுதான் காரணம். காசுக்காகக் குட்டு உடைந்தது என்று அப்போது சிரித்தார்கள். ஆனால் அந்த வாதத்துக்கு ஒரு நிழல் உண்டு. விளையாட்டு இல்லை என்றால் விளையாட்டு ஆணையம் எட்டிப் பார்க்காது. நாடகமா என்றால் நாடகக்காரர்களும் தங்கள் பந்தியில் இலை போட மாட்டார்கள். பிரிட்டனில் 2020-இல் பயிற்சியாளர்கள் மீதும் மூத்த ரெஸ்லர்கள் மீதும் பாலியல் புகார்கள் அலையாக வந்தபோது, நாடாளுமன்ற உறுப்பினர்களின் அனைத்துக் கட்சிக் குழு ஒன்று இந்தத் தொழிலை ஆராய்ந்து 2021-இல் அறிக்கை கொடுத்தது. அவர்கள் முட்டி நின்றதும் இதே இடத்தில்தான். ரெஸ்லிங் விளையாட்டிலும் சேரவில்லை, கலையிலும் சேரவில்லை. அதனால் பள்ளி தொடங்க யாருடைய அனுமதியும் தேவைப்படவில்லை.

மெக்சிகோ கொஞ்சம் வேறு மாதிரி. அங்கே மெக்சிகோ நகரின் குத்துச்சண்டை, மல்யுத்த ஆணையத்திடம் தேர்வு எழுதி, ரிங்கில் செய்து காட்டித்தான் ரெஸ்லர் உரிமம் வாங்க வேண்டும். தேர்வு என்று ஒன்று இருந்தால் வாத்தியாரின் லட்சணம் மாணவன் தேறுவதில் தெரிந்துவிடும். குவாதலஹாராவில் தியாப்லோ வெலாஸ்கோ என்றொருவர் இருந்தார். தியாப்லோ என்றால் சாத்தான். ரெஸ்லராக அவர் பெயர் பெரிதாக நிலைக்கவில்லை, ஆனால் மெக்சிகோவின் பெருந்தலைகளில் பலர் அவர் கையில் உருவானவர்கள். டிரம்ப் கார்டு போட்டால் அவரை முதல் சுற்றிலேயே இழந்திருப்போம்.

சரி, முதல் பள்ளிக்குப் போனோம்.

சுவர் முழுக்கப் படங்கள். அந்த ஆறடி நாலு அங்குலக்காரர் பெல்ட்டோடு, அந்த ஆறடி நாலு அங்குலக்காரர் இன்னொரு பெல்ட்டோடு. ஆள் மட்டும் இல்லை. வெளியூரில் நிகழ்ச்சியாம். இருபத்திரண்டு வயதுக்கு மேல் போகாத ஒரு பையன்தான் வகுப்பு நடத்தினான். நாங்கள் உட்கார்ந்து பார்க்கலாமா என்று கேட்டதற்கு முகம் மாறியது. "வகுப்பு நேரத்தில் வெளியாட்களை விடுவதில்லை." பணம் கட்டப்போகும் ஆளின் மாமா என்று சொன்ன பிறகு பத்து நிமிடம் அனுமதி கிடைத்தது. அந்தப் பத்து நிமிடத்தில், அன்றைக்குத்தான் சேர்ந்தது போலிருந்த ஒருவனை ரிங்குக்குள் நிறுத்தி மல்லாக்க விழச் சொன்னார்கள். விழுந்தான். பின்னந்தலை பலகையில் மோதியது எனக்கே கேட்டது. அவன் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார, அந்தப் பையன் கை தட்டி, "எழுந்திரு, இன்னும் ஒன்பது" என்றான்.

வாசலில் மருமகனிடம் எதுவும் சொல்லவில்லை. அவனும் பேசவில்லை. காரில் ஏறி அரை மணி கழித்து, "அவரு இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும் மாமா" என்றான்.

பெயர்ப்பலகையில் ஒருவர், பாடம் எடுப்பது இன்னொருவர் என்பது இந்தத் தொழிலில் பழைய கதை. இங்கே கனடாவிலேயே பெரிய எடுத்துக்காட்டு இருக்கிறது. கல்கரி நகரில் ஸ்டூ ஹார்ட் என்பவர் ரெஸ்லிங் சொல்லிக்கொடுத்த அவர் வீட்டு நிலவறையை டஞ்சன் என்பார்கள், பாதாளச் சிறை. அந்தப் பெயரின் புகழில் ஒகடோக்ஸ் என்ற சிற்றூரில் ஹார்ட் சகோதரர்களின் பயிற்சி முகாம் நடந்தது. 1990-இல் அதில் சேரப் போனவர்களில் ஒருவர் பிற்காலத்து கிரிஸ் ஜெரிக்கோ. ஹார்ட்டுகளிடம் பாடம் கேட்கப் போகிறோம் என்று கனவோடு போனவருக்கு அந்தக் குடும்பத்தில் ஒருவர் அவ்வப்போது தலைகாட்டியதுதான் மிச்சம். சொல்லிக்கொடுத்தவர்கள் வெளியே யாருக்கும் தெரியாத ஆட்கள். முதல் நாளே அங்கே அவருக்குப் பழக்கமான இன்னொரு மாணவர் லான்ஸ் ஸ்டார்ம். இருவரும் தங்கள் முதல் மேட்சையே ஒருவருக்கொருவர் எதிராக ஆடினார்கள். ஜெரிக்கோ உலகப் புகழ் பெற்றார். ஸ்டார்மும் பேர் வாங்கியவர்தான், ஆனால் எனக்குப் பிடித்தது அவர் பின்னாளில் செய்த காரியம். 2005-இல் கல்கரியில் தன் பெயரில் பள்ளி திறந்தார். மூன்று மாத வகுப்பு. பெயர்ப்பலகையில் இருந்தவரே ரிங்கிலும் நின்று பாடம் எடுத்தார். 2019 வரை நடத்தினார்.

இதற்காகப் பெயர்ப்பலகை எல்லாமே பித்தலாட்டம் என்று சொல்ல முடியாது. 1999-இல் ஷான் மைக்கேல்ஸ் என்ற டிவி நட்சத்திரம் அமெரிக்காவின் சான் அன்டோனியோவில் பள்ளி நடத்தியபோது அன்றாடப் பாடத்தில் பெரும்பங்கு ரூடி பாய் கொன்சாலஸ் என்ற உள்ளூர் ரெஸ்லருடையது. அந்தத் தொகுப்பிலிருந்துதான் பிரையன் டேனியல்சன் வந்தார். தன் தலைமுறையில் மிகச் சிறந்த ஆட்டக்காரர் என்று பலர் சொல்லும் ஆள். எங்கள் டொராண்டோவிலும் சல்லீஸ் ஜிம் என்ற குத்துச்சண்டைக் கூடத்தில் ஸ்வீட் டாடி சிக்கியும் ரான் ஹட்சிசனும் ரெஸ்லிங் சொல்லிக்கொடுத்தார்கள். பின்னாளில் டிவி நட்சத்திரமான எட்ஜ், கட்டுரைப் போட்டியில் ஜெயித்து அங்கே இலவசப் பயிற்சிக்குப் போனவர். இன்னொரு நட்சத்திரமான ட்ரிஷ் ஸ்ட்ராடஸும் ஹட்சிசனின் மாணவி. சிக்கி பழைய நட்சத்திரம், ஹட்சிசன் பெயர் இங்கே தீவிர ரசிகர்களைத் தாண்டினால் தெரியாது. ஆக, வாத்தியார் புகழ் பெற்றவரா இல்லையா என்பதில் விஷயம் எதுவும் இல்லை. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்கு ரிங்குக்குள் யார் நிற்கப்போகிறார் என்பதுதான் கேட்க வேண்டியது.

டஞ்சனைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் மருமகனின் மண்டையில் ஊறியிருந்த இன்னொரு எண்ணத்துக்கு வேர் அங்கேதான் இருக்கிறது. ஸ்டூ ஹார்ட் புதிதாக வருகிறவர்களைப் பிடித்து முறுக்குவார், அவர்கள் அலறும் சத்தம் மேலே வீட்டில் கேட்கும். அந்த அலறல்களை ஒலிநாடாவில் பதிந்தே வைத்திருந்தாராம். ஃபுளோரிடாவில் ஹிரோ மட்சுடா, கற்றுக்கொள்ள வந்த ஹல்க் ஹோகனின் காலை முதல் நாளே உடைத்து அனுப்பினார் என்று ஹோகனே பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். கால் கூடியதும் ஹோகன் திரும்பி வந்தார் என்பதுதான் கதையின் உச்சம். ஜப்பானின் பயிற்சிக் கூடங்களில் முதல் வேலை ஐநூறு, ஆயிரம் பஸ்கி. அதை ஆங்கிலத்தில் ஹிந்து ஸ்குவாட் என்பார்கள். நம் ஊர்த் தாலிம்களில் எடுக்கும் அதே தண்டால் பஸ்கிதான். கார்ல் காட்ச் என்ற ஐரோப்பிய மல்லர் அதைத் தன் பயிற்சியில் சேர்த்து ஜப்பானில் பரப்பினார். நம் சரக்கு ஊர் சுற்றி வந்து நம்மையே மிரட்டுகிறது.

இதெல்லாம் எதற்கு? அந்தக் காலத்தில் காரணம் இருந்தது. சண்டை நிஜம் என்று ஊரை நம்பவைத்துப் பிழைத்த தொழில். உள்ளே வருகிறவன் ரகசியத்தை வெளியே சொல்லிவிடக் கூடாது, டிக்கெட் வாங்குகிறவர்களிடம் போய் எல்லாம் பொய் என்று சிரித்துவிடக் கூடாது. அதனால் முதலில் வலிக்க வலிக்க நம்பவைத்தார்கள். வாத்தியார் வேலையில் பாதி வாயிற்காவல் வேலை. சில இடங்களில் மொத்தப் பணத்தையும் முன்னாடியே வாங்கிக்கொண்டு, இரண்டே நாளில் வாந்தி வரும்வரை பஸ்கி எடுக்கவைத்து, ஓடுகிறவனை ஓடவிட்டுவிடும் வியாபாரமும் நடந்தது. 1989-க்கு அப்புறம் காக்க வேண்டிய ரகசியம் எதுவும் மிச்சமில்லை. ஆனால் அடிக்கிற பழக்கம் போகவில்லை. "நான் பட்டேன், நீயும் படு" என்கிற வாத்தியார் ஏதோ பாரம்பரியத்தைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொள்கிறார். காலி வீட்டுக்குக் காவல் நிற்கிறார், அவ்வளவுதான்.

வேடிக்கை என்னவென்றால் டஞ்சனிலிருந்தே இதற்கு எதிர்வாதம் கிடைக்கிறது. ஸ்டூவின் மகன் பிரெட் ஹார்ட் தன் வாழ்நாளில் எதிராளி யாரையும் காயப்படுத்தியதில்லை என்பதைத்தான் தன் பெரிய பெருமையாகச் சொல்லிக்கொள்வார். அந்த நிதானம் அவருக்கு அப்பாவின் முறுக்கலில் வந்ததா? தனக்கு இந்த ஆட்டத்தைக் கற்றுக்கொடுத்தவர்கள் என்று அவர் கைகாட்டுவது, அதே நிலவறையில் பாடம் எடுத்த மிஸ்டர் ஹிட்டோ, சகுராடா என்ற இரண்டு ஜப்பானியர்களை.

மருமகனிடம் இதையெல்லாம் சொன்னபோது அவன் ஒரு வெடியைப் போட்டான். கனடா விசா கிடைத்திராவிட்டால் ஜலந்தர் போவதாக இருந்தானாம், டிவியில் பேர் வாங்கிய இந்திய ரெஸ்லர் கிரேட் காளி 2015-இல் தொடங்கிய பள்ளிக்கு. டபிள்யூடபிள்யூஇ-யில் ஆடிய முதல் இந்தியப் பெண் கவிதா தேவி அங்கே பயின்றவர். அதை எனக்கு அவன் பெருமையோடு சொன்னான். காளி தொழில் கற்றது எங்கே என்று கேட்டேன். தெரியவில்லை. கலிபோர்னியாவின் ஹேவர்டு நகரில் ஆல் ப்ரோ ரெஸ்லிங் என்ற பள்ளி. அங்கே 2001 மே மாதம் பயிற்சியின்போது ஒரு மாணவன் தலையில் அடிபட்டு இறந்தான். அவனோடு அப்போது ரிங்கில் இருந்தவர் இன்னும் தலிப் சிங் என்ற சொந்தப் பெயரிலேயே இருந்த காளி. அவரும் அப்போது தொழிலுக்குப் புதுசு. அந்த மாணவனுக்குச் சில நாட்களுக்கு முன்பே தலையில் அடிபட்டு மூளை அதிர்ச்சி ஏற்பட்டிருந்தது. அப்படியும் பயிற்சி தொடர்ந்தது. குடும்பம் வழக்குப் போட்டது. 2005-இல் நீதிமன்ற நடுவர் குழு பள்ளிதான் பொறுப்பு என்று சொல்லி, 13 லட்சம் டாலருக்கு மேல் இழப்பீடு கொடுக்கச் சொன்னது.

இதில் என்னைக் குழப்புகிற ஒரு சங்கதியும் இருக்கிறது. சாரா டெல் ரே என்ற பெயரில் ஆடி, 2012-இல் டபிள்யூடபிள்யூஇ-யின் பயிற்சியாளராகி, இன்றைக்குப் பெரிய பெயரெடுத்த பல பெண்களுக்குப் பாடம் எடுத்தவரும் அதே ஹேவர்டு பள்ளியில் தொடங்கியவர். அதே பள்ளி, ஏறத்தாழ அதே காலம். பள்ளியின் பெயரை வைத்து நல்லது கெட்டது தீர்மானிக்கலாம் என்ற என் சுருக்குவழியும் அதோடு அடைபட்டது.

இரண்டாவது பள்ளியைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. சுத்தமான இடம், நல்ல மெத்தைகள், வாத்தியாரும் தங்கமான மனுஷன். ரிங்கின் கயிற்றில் மோதித் திரும்பி ஓடிக் காட்டினார், குட்டிக்கரணம் போட்டுக் காட்டினார், எல்லாம் வெண்ணெய் மாதிரி. மாணவனுக்கு வராதபோது அவரே மறுபடி செய்து காட்டினார். அப்பவும் வராதபோது இன்னும் வேகமாகச் செய்து காட்டினார். நீச்சல் தெரிந்த மீன் நீச்சல் சொல்லிக்கொடுத்தால் இப்படித்தான் இருக்கும்.

மூன்றாவது இடம் ஒரு டயர் கடைக்குப் பின்னால். வெளியே பலகைகூட ஒழுங்காக இல்லை. நடத்துவது ஐம்பதைத் தொட்ட ஒரு அம்மா, இரண்டு முழங்காலிலும் பட்டை. டிவியில் வந்ததில்லை. உட்காரலாமா என்று கேட்டதற்கு இரண்டு மடக்கு நாற்காலியைக் காலால் தள்ளிவிட்டு, "ஜாக்கெட்டைக் கழற்ற வேண்டாம், ஹீட்டர் சரியில்லை" என்றார்.

அன்று அங்கே நடந்ததைப் புரிந்துகொள்ள, விழுவதைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். ரிங்கின் அடியில் இரும்புச் சட்டம், அதன் மேல் மரப்பலகை, அதன் மேல் ஒல்லியாக ஒரு நுரை விரிப்பு, கடைசியில் கான்வாஸ். டிவியில் பார்க்கும்போது தோன்றுகிற மாதிரி அது மெத்தை இல்லை. அதில் விழுவதற்கு இவர்கள் வைத்திருக்கும் பெயர் பம்ப். (கிணற்று மோட்டார் ஞாபகம் வந்தால் நான் பொறுப்பில்லை.) மல்லாக்க விழும்போது மோவாய் நெஞ்சில் ஒட்டியிருக்க வேண்டும், தலை தரையைத் தொடவே கூடாது. மூச்சை வெளியே விட வேண்டும். மேல்முதுகு அகலமாகப் பதியும் அதே கணத்தில் இரண்டு உள்ளங்கையும் விலகித் தரையை அறைய வேண்டும். முழங்கையை ஊன்றினால் தோள் போய்விடும். அடி ஒரே இடத்தில் இறங்காமல் பரவ வேண்டும் என்பதுதான் கணக்கு. அப்புறம் இதையே நூறு தடவை, களைத்துப்போன பிறகும் செய்யத் தெரிய வேண்டும், ஏனென்றால் களைத்தவனுக்குத்தான் கழுத்து தளரும்.

அந்த அம்மா மாணவர்களை வரிசையாக விழச் சொல்லிவிட்டு ரிங்குக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டார். கையில் ஒரு ஃபைல், அதைப் பார்ப்பது போல. நான் மருமகனைப் பார்த்தேன், இவர் என்ன கவனிக்கவே இல்லையே என்று. டப். டப். டப். நாலாவது ஆள் விழுந்தபோது, திரும்பாமலே, "இரண்டு கேட்டது" என்றார். அந்தப் பெண் ஒன்றும் பேசாமல் இறங்கி, ஓரத்திலிருந்த மெத்தையில் குத்தவைத்து உட்கார்ந்து, உட்கார்ந்த நிலையிலிருந்தே பின்னால் சாய்ந்து விழ ஆரம்பித்தாள். முதல் வாரப் பாடம் போலிருக்கிறது. அவமானம் எதுவும் முகத்தில் இல்லை. எல்லோரும் அங்கே போய் வந்தவர்கள்தான் என்று தெரிந்தது.

இடைவேளையில் கேட்டேன். சரியாக விழுந்தால் முதுகும் கையும் சேர்ந்து ஒரே சத்தம் வரும், தப்பாக விழுந்தால் முதலில் ஒன்று, பின்னால் இன்னொன்று, என்றார். அந்த இன்னொன்று முழங்கையோ இடுப்போ தலையோ. சரி, ஏன் திரும்பி நிற்க வேண்டும்? "நான் பார்த்தால் அவர்கள் என்னைப் பார்ப்பார்கள். நன்றாக விழுந்தேனா என்று பார்க்கத் தலையைத் தூக்குவார்கள். மோவாய் விலகிவிடும்."

இருபது வருடம் உற்று உற்றுப் பார்த்தவருக்கு மட்டுமே பார்க்காமல் நிற்கத் தோன்றும் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்புறம் அக்காவின் சார்பாக ஒவ்வொன்றாகக் கேட்டேன். உங்களுக்குக் கற்றுக்கொடுத்தது யார்? இந்தத் தொழிலில் இருவர் சந்தித்தால் இதைத்தான் முதலில் கேட்பார்களாம், நம் ஊரில் சங்கீதக்காரர்கள் கேட்பது போல. பதில் சொன்னார். அதோடு நிற்காமல், அவர் கயிற்றில் ஓடுவதை நன்றாகச் சொல்லிக்கொடுத்தார், விழுவதைத் தப்பாகச் சொல்லிக்கொடுத்தார், அதைத் திருத்த எனக்கு நாலு வருடம் ஆனது, இந்த முழங்கால் அதன் கூலி என்றார். தன் குருவிடம் எது சரியில்லை என்று இவ்வளவு அமைதியாகச் சொன்ன ஒருவரை நான் வேறெந்தத் துறையிலும் அதிகம் பார்த்ததில்லை.

ரோவன் சட்டம் தெரியுமா என்று கேட்டேன். ஒட்டாவாவில் 17 வயது ரக்பி ஆட்டக்காரி ஒருத்தி, ஒரே வாரத்துக்குள் திரும்பத் திரும்பத் தலையில் அடிபட்டு 2013-இல் இறந்துபோனாள். அவள் பெயரால் 2018-இல் ஒன்டாரியோ கொண்டுவந்த சட்டம் அது. தலையில் அடி என்று சந்தேகம் வந்தாலே ஆட்டத்திலிருந்து இறக்கிவிட வேண்டும், மருத்துவர் சொன்ன பிறகுதான் திரும்ப ஏற்ற வேண்டும். அது அமெச்சூர் விளையாட்டுகளுக்கான சட்டம். இதே கேள்விக்கு முதல் பள்ளியில், "நாங்கள் விளையாட்டு இல்லையே, என்டர்டெயின்மென்ட்" என்று பதில் வந்திருந்தது. நியூ ஜெர்சி வாதம், டொராண்டோ வரைக்கும் நடந்தே வந்துவிட்டது. இந்த அம்மா பதில் சொல்லாமல் ஓரத்தில் முகத்தைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்த ஒரு பையனைக் காட்டினார். போன வாரம் எதிராளியின் முட்டி நெற்றியில் பட்டதாம். இரண்டு வாரமாவது ஏறக் கூடாது, டாக்டர் கடிதம் வேண்டும். "தனக்கு ஒன்றும் இல்லை என்கிறான். நான் அவனைக் கேட்கவில்லை."

அந்தப் பையன் அன்று அங்கே வந்து உட்கார்ந்திருந்தானே, கோபித்துக்கொண்டு வேறு பள்ளிக்குப் போய்விடாமல், அதுதான் எனக்குப் பெரிய சாட்சியாகப் பட்டது.

பணம் மாதா மாதம். மொத்தமாக வாங்குவதில்லை. வேண்டாமென்றால் அடுத்த மாதம் வராமல் இருக்கலாம். மருமகன் பொறுக்க முடியாமல் கேட்டான், நான் எப்போது மேட்ச் ஆடலாம் என்று. முதல் ஆறு வாரம் உருளுவதும் விழுவதும். அப்புறம் கயிறு, அப்புறம் பிடிகள். கழுத்துப் பிடியோ கைப்பிடியோ எதுவானாலும் இடப்பக்கமே, வட அமெரிக்கா முழுக்க அப்படித்தான், மெக்சிகோவில் வலப்பக்கம். முன்பின் தெரியாத ஒருவனோடு ஒத்திகை இல்லாமல் ரிங்கில் ஏறும்போது இந்த ஒரு ஒப்பந்தம்தான் உயிர்காக்கும். மேட்ச் என்பது ஒரு வருடம் கழித்து, அப்போதும் அவருக்குத் தோன்றினால். "தோன்றாவிட்டால்?" "தோன்றாவிட்டால் ரெஃப்ரியாக நிற்கலாம். ரெஃப்ரிக்கும் விழத் தெரிய வேண்டும்."

மருமகனுக்கு முகம் செத்துவிட்டது. திரும்பி வரும்போது காரில், "முதல் இடத்துல மூணு மாசத்துல ஷோ குடுக்கறாங்க மாமா" என்றான். கொடுப்பார்கள்தான். அந்த ஷோவுக்கு முப்பது டிக்கெட்டைக் கையில் கொடுத்து மாமா தலையில் கட்டச் சொல்வார்கள் என்றேன். சிரித்தான், ஆனால் மனசில்லாமல்.

அவன் முடிவெடுக்க ஒரு வாரம் ஆனது. நான் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் முதல் பள்ளிக்கே போயிருப்பான், எங்கள் குடும்ப ரத்தம் அப்படி.

இப்போது ஏழாவது வாரம் நடக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்திருந்தான். அக்காவோடு வீடியோவில் பேசிக்கொண்டிருந்தோம். "மாமா, ஒண்ணு பாருங்க" என்று சொல்லிவிட்டு வரவேற்பறையில் டீபாயைத் தள்ளி, கம்பளத்தின் நடுவில் போய் நின்றான். நான் தடுப்பதற்குள் குதிகாலில் சாய்ந்து மல்லாக்க விழுந்தான். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. கண்ணைத் திறக்காமல், மோவாய் நெஞ்சில் ஒட்டியபடி, படுத்த இடத்திலிருந்தே கேட்டான்.

"ஒண்ணா, ரெண்டா?"

"ஒண்ணுதான்" என்றேன். கீழ்வீட்டுக்காரர் தடியால் கூரையை இடிக்க ஆரம்பித்திருந்தார். போனுக்குள்ளிருந்து அக்கா கத்திக்கொண்டிருந்தாள், "ஏலே, அங்க என்னல விழுந்துச்சு?"